முறைப்பாடு எதுவுமில்லை

டிக்கோயா. ஐந்தாம் வார்ட். ராத்திரி இரண்டரை.
ஏழாம் கட்டில் பேச்சாயி
போர்வையிலிருந்து அட்டை பிடுங்குகிறாள்,
சவுக்காரம் கேட்டுக் கத்துகிறாள்.
அவளுக்குப் புத்தி கலங்கியிருப்பது
கேற்றில் தூங்கும் காவற்காரருக்கும் தெரியும்.

பதினோராம் கட்டிலைத்தான் மூன்று நாளாய்
நல்ல நோயாளி என்கிறோம்.
ஞானசௌந்தரி, எழுபத்திரண்டு, இடுப்பெலும்பு முறிவு,
ஒப்பரேஷன் முடிந்து நாலாம் நாள்.
குறிப்பேட்டில் மூன்று கையெழுத்து, ஒரே வரி:
அமைதி. முறைப்பாடு எதுவுமில்லை.
காலை ரவுண்டில் டொக்டர் சிங்களத்தில் கேட்டார்,
இது எந்த இடம்?
ஆஸ்பத்திரி என்றாள். சரி போட்டார்.

எனக்கு உறுத்தியது பிளேன்டீ.
வந்த அன்று ஒரு மிடறு குடித்துவிட்டு
"இது தேத்தண்ணியா மிஸ்ஸி, ஸ்டோர் கூட்டுன தூசு" என்றவள்
இன்றைக்குக் கப்பைக் காலி பண்ணினாள்
ஒரு சொல் இல்லாமல்.

கையைப் பிடித்துக்கொண்டேன்.
சனிக்கிழமையிலிருந்து பின்னால் சொல்லுங்க அம்மா.
சனி. வெள்ளி.
வெள்ளி.
ஜன்னல் முழுக்கப் பனிமூட்டம்.
"பதினெட்டுக் கிலோ" என்றாள்,
"அரைப்பேரு போட்டுறாதீங்க."

விரல்கள் விரிப்பைக் கிள்ளிக்கொண்டேயிருந்தன.
பயிற்சிக்கு வந்த பிள்ளை சொன்னாள்:
கொழுந்து எடுத்த கை, பழக்கம் போல.
அழகான விளக்கம்.
அதனாலேயே பயமாயிருந்தது.

வெள்ளவத்தையில் கடையில் நிற்கும் மகளை எழுப்பினேன்.
அம்மா எப்பவும் இப்படியா?
"எங்கம்மாவா? அது பேசாம இருந்தா
லயமே வந்து மூச்சு இருக்கானு பாக்கும்."

நாலு நாளில் வயசு இவ்வளவு ஏறாது.
மருந்துத் தாளை மேலிருந்து வாசித்தேன்:
சொறிச்சலுக்கென்று யாரோ எழுதிய பிரிட்டன், மூன்று வேளை.
அடிவயிற்றைத் தொட்டேன்,
தொப்புள்வரை கல்லாய் நின்றது மூத்திரம்.
டொக்டரை எழுப்பினேன். எரிந்து விழுந்தார்,
பிறகு செருப்பில்லாமல் ஓடிவந்தார்.
குழாய் வழியே எண்ணூறு மில்லி.

அமைதி என்ற சொல்லை ஒற்றைக் கோட்டால் வெட்டி
நேரம் போட்டேன், மூன்று பத்து.

மறுநாள் காலை புதன்வரை வந்தாள்,
பொழுது சாய மறுபடி தொலைந்தாள்.
மூன்றாம் நாள் விடிய
பிளேன்டீ, ஒரு மிடறு.
பேச்சு இன்னும் இல்லை. முகம் சுளித்தது.

சுளித்ததைப் பதிந்தேன்,
ஆறு இருபது.