ஆவுளியாவின் இடுப்பு

காரங்காட்டுக்கு வடக்கே ஒதுங்கியிருந்தது.
மூன்று நாளாய் வாடை நிற்காத கார்த்திகை.
வனத்துறை ஜீப்பில் நானும் கால்நடை மருத்துவரும்,
இரண்டு கத்தி, அளவு நாடா, மூக்குக்குத் தைலம்.
"ஆவுளியா மேடம், பொட்டை" என்றார்
நம்புதாளை நல்லமுகமது,
துடுப்புக்கு அடியில் முலை இருக்குமிடத்தைத் தொடாமல் காட்டி.
"பால் குடுக்கிற சாதி."

அன்றைக்கு நான் விசுவாசி.
ஆறு நாள், ஆறாயிரம் வருஷம்.
கல்லூரித் தேர்வொன்றில் பரிணாமத்தைப் பிழையில்லாமல் எழுதிவிட்டு
விடைத்தாள் ஓரத்தில், பென்சிலால், பொடியாய்
'இதை நான் நம்பவில்லை' என்று குறித்தவள்.
திருத்தியவர் அதைச் சிவப்பில் சுழித்துத்
'தேவையில்லை' என்று எழுதியிருந்தார்.
மதிப்பெண் குறைக்கவில்லை.

துடுப்பின் தோலை உரித்தோம்.
உள்ளே ஒரு கை.
மேல்கை, முன்கை, மணிக்கட்டு, ஐந்து விரல்.
படத்தில் அளவு தெரிவதற்காக
உறை மாட்டிய என் கையை அதன் பக்கத்தில் வைக்கச் சொன்னார் டாக்டர்.
வைத்தேன்.
ஒரே தச்சன், ஒரே முழக்கோல், என்றேன் மனசுக்குள்.
பதில் தயாராகத்தான் இருந்தது.

பின்னால் போகப்போக
வால் தொடங்குகிற இடத்தில், இறைச்சிக்குள்
கத்தி எதிலோ தட்டியது.
ஒரு எலும்பு.
மறுபக்கம் அதன் ஜோடி.
முதுகெலும்போடு ஒரு நார் மட்டும் சேர்த்துப் பிடித்திருந்தது.
கால் இல்லை.
இடுப்பு இருந்தது.

அதற்கும் பதில் உண்டு.
தசை பற்றிக்கொள்ள உதவும், ஆகவே வீண் அல்ல.
அந்தப் பதிலை நானே எழுதி
வாலிபர் கூடுகைக்கு ஐந்நூறு பிரதி அச்சடித்தேன்.
சிவகாசி அச்சு. அட்டையில் பேழை,
ஜன்னல் வழியே ஒட்டகச்சிவிங்கி.
எழுதும்போது எலும்பைப் பார்த்ததில்லை.
படம்தான் பார்த்திருந்தேன்.

ஒரே நாளில் ஒன்றும் ஆகிவிடவில்லை.
மண்டபத்துக்குக் கொண்டுவந்து
கழுவி, காயவைத்து, எண் எழுதி
அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.
பூட்டியதாலேயே திறந்து திறந்து பார்த்தேன்.
தசை பற்ற ஒரு முளை போதுமே.
ஏன் இடுப்பு?
வேறு எதுவாகவும் இல்லாமல் ஏன் இடுப்பு?
ஒரு மழைக்காலம், ஒரு கோடை,
ஜெபத்தின் நடுவிலும் இதே கேள்வி.

பக்கத்து அறையில் ஆசீர் பொன்னுத்துரை. பவளம் அவன் வேலை.
குருசடைத் தீவருகே துளைத்தெடுத்த தண்டுகளை
எக்ஸ்ரே எடுத்து எண்ணுவான்.
வெளுப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, ஒரு வருஷம்.
ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் கீபோர்டு வாசிப்பவனும் அவன்தான்.

தபசு நாட்களில் ஒரு சாயங்காலம்
பாம்பன் பாலத்தடியில் டீயோடு நின்று
எலும்பைப் பற்றிச் சொன்னேன்.
கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.
அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு,
"எனக்கு மூணு வருஷமாச்சு" என்றான்.
"எது?"
"எண்ணி முடிச்சு.
மேல இருக்கிற ஒரு தண்டுலயே இருநூத்திப் பதினொண்ணு.
அதுக்குக் கீழ செத்த பவளம்.
அதுக்குக் கீழ மணல்கல்லு.
கல்லுக்குக் கீழ மறுபடியும் பவளம்.
வெள்ளத்துக்கு வேதத்துல ஒரு வருஷம்தான் இருக்கு.
அதுக்குள்ள இத்தனையும் பொறந்து, வளந்து, சாக முடியாது."

ஏன் சொல்லவில்லை என்றேன்.
"ஒடஞ்சிருவியோன்னு."
அவனைப் பற்றி நானும் அதையேதான் பயந்துகொண்டிருந்தேன்.
ஆனாலும் கோபம் வந்தது.
மூன்று வருஷம்
என்னைத் தனியாக நம்ப விட்டிருக்கிறான்,
பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக்குச் சுருதி கூட்டிக்கொண்டு.

மீதிப் பிரதி நூற்றுநாற்பது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.
எரிக்கவில்லை. என் பெயர் போட்டிருக்கிறது,
பதினோராம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழையும்.
நேற்று ஒன்றை உருவி
'ஆகவே வீண் அல்ல' என்ற வரிக்கு எதிரே, ஓரத்தில்
பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.
கடைசியில் அலமாரி எண்ணை மட்டும் எழுதினேன்,
இடது, வலது என்று.

நாசரேத்திலிருந்து அம்மா கூப்பிட்டாள்.
சாப்பாடு, மழை, தம்பிக்குப் பெண் பார்த்தது.
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.