பதினைந்து டபிள்யூ ஐம்பது

கரோல் பாகில், நாயிவாலா சந்தில்
நாற்பத்து நான்கு டிகிரி.
தார்ப்பாய் நிழலில் வண்டி பாதி, நான் பாதி.

தல்ஜீத் மூன்று டப்பாக்களைக் கவுண்டரில் வைக்கிறார்,
சம்பந்தம் பேச வந்தவர்களை உட்கார வைப்பது போல.
இருபது ஐம்பது: "தில்லி வெயிலுக்கு இதுதான், கெட்டி."
பத்து நாற்பது: "லே போகிற பையன்கள் கேட்பது."
பதினைந்து ஐம்பதுக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
லாபம் குறைவு போலும்.

பையன்கள் என்கிறார்.
நானும் நிலோஃபரும் போகிறோம் என்று
இரண்டு தடவை சொல்லியாயிற்று.

நடுவில் நிற்கும் அந்த டபிள்யூவை
வெயிட் என்றே பல வருஷம் நினைத்திருந்தேன்.
இல்லையாம், விண்டர்.
முன்னால் உள்ள எண்
குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு.
பின்னால் உள்ளது
கொதிக்கையில் எவ்வளவு தாங்கும் என்பதற்கு.
ஒரே எண்ணெய், இரண்டு சத்தியம்.

தூத்துக்குடியில் பிறந்தவளுக்கு
பின் எண் மட்டும்தான் இருந்தது.
முன் எண்ணை எழுதியது
நிஜாமுதீன் ஸ்டேஷனில் ஒரு ஜனவரி விடியல்.
ஒற்றைச் சால்வை, கைப்பிடி அறுந்த பெட்டி,
ஆட்டோவைக் கூப்பிட வாய் திறந்தால்
சொல்லுக்கு முன்னால் புகை வந்தது.

சர்ச்சுவில் கூடாரம் போடுவோம்.
ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும்.
காலையில் பொத்தானை அழுத்தும்போது
எண்ணெய் அடியில் உறைநெய்யாய் உட்கார்ந்திருக்கும்.
அது எழுந்து தலைவரை ஏறும் அந்தச் சில நொடி
இரும்பை இரும்பு வெறுங்கையோடு தொடும்.
"தேய்வது ஓட்டத்தில் இல்லை மேடம், புறப்பாட்டில்"
என்கிறார் தல்ஜீத்.
இதைச் சொல்லும்போது மட்டும்
குரலில் வியாபாரம் இல்லை.

ஆகவே மெல்லியது, என்கிறாள் நிலோஃபர்.
எனக்கு மெல்லியதென்றால் பயம்.
அம்பாலா வரை லாரியின் பின்னால் முதல் கியர்,
சிலிண்டருக்குக் காற்றே படாது,
இரு பக்கமும் பெட்டி, மேலே என் அறுபத்தெட்டு கிலோ.
மெல்லியது ரசமாகிப் போனால்?

அதிரசப் பாகு என்றால்
தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம்.
உருட்ட வரவேண்டும், உடையக் கூடாது.
அந்தப் பதம் என் கைக்கு வந்ததே இல்லை,
தீபாவளிக்கு மயூர் விஹாரில் கால் கிலோ வாங்கிவிடுகிறேன்.
இதுவும் பாகுதான்.
விரல்தான் விட முடியாது.

கடைசியில் சீட்டைக் கழற்றினேன்.
டூல் பைக்கு அடியில், பாலித்தீன் பிரிக்காமல்,
ஆறு வருஷமாய் உட்கார்ந்தே வந்திருக்கிறேன் அந்தக் கையேட்டின்மேல்.
பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. பதினைந்து ஐம்பது.
கீழே எறும்பெழுத்தில்:
கார் எண்ணெய் ஊற்றாதீர், கிளட்ச் வழுக்கும்.

நிலோஃபரும் தன் சீட்டைக் கழற்றினாள்.
அவள் புத்தகத்தில் பத்து நாற்பது.

இரண்டு வாரம்,
சாப்பாட்டு வேளையில், மெட்ரோவில், நள்ளிரவு போனில்,
அவள் என் வண்டிக்கும் நான் அவள் வண்டிக்கும்
எண்ணெய் தேர்ந்து சண்டை போட்டிருக்கிறோம்.
தல்ஜீத் எதையும் கேட்காதவர் போல
கணக்குப் புத்தகத்தில் குனிந்துகொண்டார்.
தோள் மட்டும் குலுங்கியது.

பழைய எண்ணெய் இறங்கியது.
ஐ.டி.ஓ. சிக்னல்கள் எல்லாம் அதில் கறுப்பாக.
கீழ்த்திருகின் காந்தத்தில் சாம்பல்நிறப் பொடி, மீசை மாதிரி.
மெக்கானிக் பையன் பேன்ட்டில் துடைத்துவிட்டு
"ஒன்றுமில்லை" என்றான்.

புதியதை ஊற்றி, ஓடவிட்டு, அணைத்து, காத்திருந்து,
வண்டியை நேராகப் பிடிக்கச் சொன்னேன்.
சாய்ந்து நின்றால் அளவு பொய் சொல்லும்.
முட்டி போட்டு வட்டக் கண்ணாடிக்குள் பார்த்தேன்:
இரு கோட்டுக்கு நடுவே தேன் நிறம்.

டப்பாவில் மிஞ்சியதை
ஸ்வெட்டருக்கும் நார்த்தங்காய் ஊறுகாய்க்கும் நடுவே வைத்தேன்.
மூடியை இறுக்கினேன்.
மறுபடி எடுத்து,
இன்னொரு தடவை இறுக்கினேன்.