காறை எலும்புக்குப் பின்னால்

டர்பன் மாநாட்டு மண்டப வாசலில்
கழுத்தட்டையைக் காட்டினால் கருவி ஒருமுறை கூவும்.
ஓர் அமர்வுக்கு இரண்டு புள்ளி.
அறநெறி அமர்வுக்குத் தனிக்கணக்கு.
ஆண்டு முடிவதற்குள் கணக்கு நேராகாவிட்டால்
பதிவு போய்விடுமே என்று
போர்ட் ஷெப்ஸ்டோனிலிருந்து விடியுமுன் காரோட்டி வந்தேன்.
வழியில் பார்க் ரைனியில் மத்தி ஒதுங்கியிருந்தது,
வாளியும் கூடையும் சட்டை மடியுமாய்
சனம் இடுப்பளவு அலைக்குள் நின்றது.
நான் நிறுத்தவில்லை.

முதல் பேச்சு,
ஃபோட்டான்களை ஒவ்வொன்றாய் எண்ணும் ஸ்கேனர் பற்றி.
எங்கள் ஒரே ஸ்கேனர்
மின்வெட்டுக்குப் பின் எழுந்திருக்க நாற்பது நிமிடம் கேட்கும்;
அதைச் சொல்லி நானும் பக்கத்து இருக்கைப் படையாச்சியும்
வாய்பொத்திச் சிரித்தோம்.
இடைவேளையில் ஆளுக்கொரு ரப்பர் சிறுநீரகம் தந்தார்கள்,
அமுக்கினால் மனம் லேசாகுமாம்.

பதினொரு மணிக்குக் கேப்டவுனிலிருந்து லூபாபலோ,
என் மகன் வயதிருக்கும்,
படம் வாசிக்கும் இயந்திரத்தைக் காட்டினார்.
"இரண்டு இலட்சம் நெஞ்சுப் படங்கள்.
பெயர் நீக்கியவை, ஊர் நீக்கியவை.
இதோ ஒன்று.
முதல் வாசிப்பில் 'குறையேதுமில்லை' என்று எழுதப்பட்டது.
யாருக்குத் தெரிகிறது? கை தூக்குங்கள்."

முந்நூறு பேரில் ஏழெட்டுக் கை.
நான் நெஞ்சைப் பார்க்கவில்லை.
படத்தின் ஓரத்தைப் பார்த்தேன்:
இடப்பக்கம் என்று சொல்லும் ஈய எழுத்து,
அதனடியில் எடுத்தவரின் பி, டி.
டியின் வயிறு உடைந்து
கடித்த பிஸ்கட் போல.

போங்கெகிலேயின் டி.
எங்கள் அறை, எங்கள் இரவு.
அங்கே அறிக்கை எழுதுபவள் நான் ஒருத்திதான்.

இயந்திரம் சிவப்பு வட்டமிட்டது.
இடது காறை எலும்புக்குப் பின்னால்
பட்டாணியளவு வெண்மை.
எலும்பும் வெள்ளை, அதுவும் வெள்ளை.
வெள்ளைக்குள் வெள்ளை ஒளியும், அங்கே இருமுறை பார் என்று
பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சொல்லியே என் குரல் தேய்ந்திருக்கிறது.
'குறையேதுமில்லை.'
கண்ணை மூடிக்கொண்டுகூடத் தட்டுவேன் அந்தச் சொல்லை.
மூடிக்கொண்டுதான் தட்டினேனோ.

அரங்கம் கைதட்டியது, இயந்திரத்துக்கு.
என் கைகளும் தட்டின.

கேள்வி நேரத்தில்
பொய்யான அபாய ஒலிகள் எத்தனை, விலை எவ்வளவு என்றார்கள்.
நான் எழுந்து கேட்டேன்:
"அந்த ஆள் என்ன ஆனார்?"
லூபாபலோவின் முகம் சற்றுச் சுருங்கியது.
"அது தரவில் இல்லை, டாக்டர்.
பெயரை எடுத்தபோது மற்றதும் போய்விட்டது."

மார்பின் நிழல் இல்லை, ஆண்.
அகன்ற தோள். சங்கிலி இல்லை.
பத்து விலா தெளிவாய் எண்ணலாம்;
"டோன்சா உமோயா" என்று அவள் சொன்னதும்
ஆழமாய் இழுத்து, அசையாமல் பிடித்திருக்கிறார்.
சொன்னபடி கேட்ட மனிதர்.
அவரைப் பற்றி நானறிந்தது இவ்வளவு.

தாழ்வாரத்தில் நின்று போங்கெகிலேயை எழுப்பினேன்.
இரவுப் பணி முடிந்த தூக்கம் குரலில்.
"டி உடைந்ததா? லிஃப்ட் வாசலில் விழுந்த அன்று.
மூன்று வருடம் அதையே ஒட்டி எடுத்தேன்.
புதிது கேட்டு எழுதிய தாளில் நீங்களும் கையெழுத்திட்டீர்களே.
அதை வைத்து எடுத்தது நாலாயிரம் இருக்கும்.
ஏன் டாக்டர், யாராவது கேட்டார்களா?"

நாலாயிரம்.
வேலை முடிந்தபின் நாளுக்கு இருபது என்றால்
இருநூறு மாலைகள்.
பெயர்கள் எங்கள் கணினியில்தான் இருக்கின்றன.
"தூங்கு," என்றேன். "திங்கட்கிழமை பேசுவோம்."
"யார் கேட்டது?" என்றாள் மறுபடி.

அடுத்த அமர்வுக்குக் கூட்டம் நுழைந்தது.
யாருடைய அட்டைக்கோ கருவி கூவியது.
நான் வழியை மறித்து நின்றிருக்கிறேன்.
நகர்ந்தேன்,
கோட்டுப் பையில் ரப்பர் சிறுநீரகம்
இறுகிய என் கைக்குள்.