நூல் தெரிகிறது

லாபிஸில் செம்பனை ஆலைக்குப் பின்னால்
மாரியம்மன் திருவிழா, ஆறாம் நாள்.
நடனக் குழுவின் வேன் குளுவாங்கிலேயே படுத்துவிட்டது.
தலைவர் என்னைப் பார்த்தார்:
"ஏதாவது போடுப்பா. சாமி படமா."

என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று,
என்னைவிட நான்கு வயது மூத்த படம்.
மூன்று தட்டு. பாசார் மாலாமில் ஐந்து ரிங்கிட்.
மூன்றாவதில் இருந்த கீறலோடு சேர்த்தே
மடிக்கணினியில் ஏற்றி வைத்திருந்தேன்.

பூப்பந்துக் கம்பங்களில் வெள்ளைத் துணி கட்டினோம்.
கைலாசம் வந்தது.
பஞ்சு மேகம், அட்டைப் பாறை.
பார்வதி கை வைத்ததும்
மலை கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது.

மோட்டார் சைக்கிள் இருக்கைகளில் இருந்தபடியே
பையன்கள் ஆரம்பித்தார்கள்.
"டேய், சூலத்துல நூல் தெரியுது பாரு!"
தெரிந்தது. உண்மைதான்.
இத்தனை வருஷம் மங்கலில் ஒளிந்திருந்த நூலை
என் புது புரொஜெக்டர் காட்டிக்கொடுத்துவிட்டது
(இன்னும் ஏழு தவணை பாக்கி).

அசுரன் சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள்,
அவனைவிட நன்றாக.
பக்தை அழுதாள்,
வசனத்துக்கு ஒரு தூண் வீதம் சாய்ந்து
மண்டபம் முழுக்க அழுதாள்.
"அண்ணே, ஒன்றரை வேகத்துல விடுங்கண்ணே,"
ஹேமேந்திரன் கத்தினான்.
விட்டேன். பொய் எதற்கு, எனக்கும் கொட்டாவி.
அவள் வேண்டுதல் மீன் ஏலம் மாதிரி கேட்டது.

வேலியோரம் நேப்பாளத்து ஆட்கள் பத்துப் பேர்,
மாலை ஷிப்ட் முடித்து, சேறு காயாத பூட்ஸோடு.
ஒரு சொல் தமிழ் தெரியாது.
சடையும் பிறையும் திரையில் வந்ததும்
குனிந்து பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள்.
பையன்கள் அதற்கும் சிரித்தார்கள்,
கொஞ்சம் சத்தம் குறைத்து.

கச்சான் வண்டியை விட்டுவிட்டு
அம்சவல்லி என்னிடம் வந்தாள்.
பாறை நகர்ந்தபோது
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் அவளும்தான்.
"மெதுவா விடு" என்றாள்.
"இவ்வளவு வேகமா வர்ற சாமியா? எந்த ஊர்ல?"

அவள் பிறந்தது இங்கே, இரண்டாம் டிவிஷன் லயத்தில்.
பத்திரம் பதியப் போக
அவள் அப்பாவுக்கு அன்றைக்கு லீவு தரவில்லை.
அடையாள அட்டை இன்றும் சிவப்பு.
சிகாமட், ஜொகூர் பாரு, புத்ராஜெயா என்று
ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு தூண்;
சாய்ந்து அழத்தான் நேரம் தருவதில்லை.

வேகத்தைக் குறைத்தேன்.
ஹேமேந்திரன் ஏதோ முனகினான்.
பக்தை பழையபடி, நிதானமாக,
முதல் தூணிலிருந்து இரண்டாம் தூணுக்கு நடந்தாள்.
அட்டை அட்டையாகவே இருந்தது,
மேகம் பஞ்சாகவே இருந்தது.
ஆனாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை.
மழை வருகிற மாதிரி இருந்தும்.

அம்மன் தோன்றினாள்.
கை உயர்ந்தது. "கேள், மக"
அங்கேதான் கீறல்.
முகம் சதுரம் சதுரமாய் உடைந்து நின்றது.
கேள் மக, கேள் மக, கேள் மக.
பையன்கள் கைதட்டிச் சேர்ந்து பாடினார்கள்.
எங்கிருந்தோ ஈசல் கிளம்பி
ஏந்திய உள்ளங்கை முழுக்க உட்கார்ந்தது.

பாட்டு அலுத்ததும் ஹேமேந்திரனே இறங்கி வந்தான்.
விசைகளைத் தட்டிப் பார்த்தான்.
என் முகத்தைப் பார்த்தான்.
"அப்புறம் குடுக்குறாங்களாண்ணே, இல்லையா?"

தெரியாது. இதைத் தாண்டி நான் பார்த்ததில்லை.
அம்சவல்லியைத் திரும்பிப் பார்த்தோம்.
"சின்னதுல பார்த்தேன். மறந்துபோச்சு."
கடைசிப் பொட்டலத்தை மடித்து
அவனிடம் கொடுத்தாள், காசு கேட்காமல்.
இல்லை, கேட்டாள். ஒரு ரிங்கிட்.

விளக்கை அணைத்தேன்.
இருட்டில் வேலியோரம்
பூட்ஸ் மாட்டுகிற சத்தம்
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.