இரண்டிரண்டு

தார்த்து நகரில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
இறப்பவர் அருகே உட்காரப் போகிறவர்களுக்கு
ஆறு வார இணையவழிப் பாடம்.
முதல் வாரத்துக்குக் கெர்லி
ஒரு வினாத்தாள் செய்கிறாள்:
'நீங்கள் எப்படிக் கேட்பவர்?'

மென்பொருள் கேட்டது:
இக்கேள்விக்குச் சரியான விடை எது?
இல்லை என்று விட்டாள்.
சிவப்பில் மறுபடி கேட்டது:
குறைந்தது ஒன்றையாவது குறியிடவும்.
நான்கையும் குறியிட்டாள்.
மதிப்பெண் கட்டத்தில் பூஜ்யம்.
சிறுவட்டம் கொஞ்சம் சுழன்று யோசித்து
உன் பாடு என்பதுபோல் விட்டுவிட்டது.

கேள்விகள் எட்டு. எல்லாம் சின்னச் சின்னவை.
பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் அழுகிறார், நீங்கள்?
விருந்து முடிந்து கிளம்பும்போது
வாசலில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள்?
சூப் ஆறிவிட்டது. சொல்வீர்களா?

விடைகள் ஓடி நான்கு பெயர்களில் விழும்:
கணப்பு, ஜன்னல், நாற்காலி, கடிகாரம்.
கேட்பவர் இத்தனை வகையென்று
எந்த ஆராய்ச்சியும் சொல்லவில்லை.
கெர்லி வீட்டு முன்னறையில் இருந்தவை அவை.

சிர்யே பார்த்துவிட்டுச் சொன்னாள்,
எல்லோருக்கும் கணப்பாகத்தான் ஆசை இருக்கும்,
கடிகாரம் என்று வந்தவன்
பாடத்தையே விட்டுப் போய்விடுவான்.
ஒரு சனிக்கிழமை முழுக்கக் கடிகாரத்துக்கே போனது.
'நீங்கள் அவசரக்காரர்.' அடித்தாள்.
'நேரம் தவறாதவர்.'
ரயிலைப் புகழ்வதுபோல் இருந்தது, அடித்தாள்.
கடைசியில்:
'அறையில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க
வலிமருந்துக்கு நேரமாயிற்று என்று
எழுந்திருப்பவர் நீங்கள்.'
அதற்கப்புறம் நாற்காலி இளைத்துத் தெரிந்தது.
அதையும் திருத்த வேண்டிவந்தது.

அறுபத்துமூன்று பேர் சேர்ந்தார்கள்.
மதிப்பெண் கிடையாது என்று தடித்த எழுத்தில் இருந்தும்
நார்வாவிலிருந்து ஓர் ஆசிரியை
எத்தனைக்கு எத்தனை என்று கேட்டாள்.
ஒருவர் கணப்பு வரும்வரை ஏழு முறை எழுதினார்.
தேர்வு என்றால் தேர்ந்தெடுப்பதும்தானே.
யாரிடம் போய்ச் சொல்ல.

பிறகு யூலோவின் கடிதம்.
பார்னுத் துறைமுகத்தில் முப்பது வருஷம்
பாரந்தூக்கி ஓட்டியவர்.

'எட்டுக்கும் பதில் சொன்னேன்.
அடுத்த பக்கம் வெள்ளையாக வந்தது.
இணைப்புக் கோளாறோ என்று
தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தேன்.
அப்போதும் வெள்ளை.
நான் எதிலும் சேர்த்தி இல்லையா?
இல்லாவிட்டாலும் பரவாயில்லை.
இரண்டாம் வாரத்துக்குப் போகலாமா என்று
தெரிந்தால் போதும்.'

உள்ளே போய்ப் பார்த்தாள்.
கணப்பு இரண்டு. ஜன்னல் இரண்டு.
நாற்காலி இரண்டு. கடிகாரம் இரண்டு.
இப்படி ஒருவர் வருவார் என்று
அவள் பக்கம் எழுதி வைக்கவில்லை.

எளிய வழி ஒன்று இருந்தது:
சமமாக வந்தால் பட்டியலில் முதலாவதைக் கொடு.
ஒரு சொடுக்கில் யூலோ கணப்பாகிவிடுவார்,
சந்தோஷமும் படுவார்.
சுட்டி அதன்மேல் போய் நின்றது.
நின்றுகொண்டே இருந்தது.

ஐந்தாவது பக்கம் ஒன்று திறந்தாள்.
'அறை' என்று பெயர் வைத்தாள்.
பெரிய சொல்லாகப் பட்டது, அழித்தாள்.
'வாசற்படி'. அதையும் அழித்தாள்.
இரவு பதினொன்றுக்கு அவருக்கு எழுதினாள்:
'தவறு என்னுடையது.
உங்களுக்கு நான்கும் இரண்டிரண்டாக வந்திருக்கின்றன.
அதற்கான பக்கத்தை நான் எழுதவில்லை.
இரண்டாம் வாரத்துக்குத் தாராளமாகப் போங்கள்.'

காலையில் பதில் இருந்தது.

'நல்லது.
நாலு வடத்திலும் இழுப்பு சமமானால்தான்
நாங்கள் பாரத்தைத் தரையைவிட்டு எடுப்போம்.
ஒன்று தொய்ந்தாலும் இறக்கிவிட்டு
மறுபடி கட்டச் சொல்வோம்.
இதை எங்கேயாவது போட முடியுமானால் போடுங்கள்.
பின்குறிப்பு: ஆறிய சூப்பைப் பற்றி
நான் பொய் சொல்லிவிட்டேன்.
சொல்லமாட்டேன், குடித்துவிடுவேன்.'

அப்படியானால் மூன்று, இரண்டு, இரண்டு, ஒன்று.
கெர்லி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்,
சிரித்தாள்,
திருத்தாமல் விட்டாள்.
வடத்தைப் பற்றிய வரிகளை ஐந்தாம் பக்கத்தில் ஒட்டினாள்.
பெயர்க் கட்டத்தில் மட்டும்
ஒரு சின்னக் கோடு இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது.