தள்ளிக்கொண்டு போனால் குற்றமில்லை

கோவில்பட்டியில் அதன் பெயர் ஓட்டுநர் உரிமம்.
அப்புத்தளையில் சாரதி அனுமதிப்பத்திரம்.
அட்டை ஒன்றுதான். படமும் அதே படம்தான்,
கண்ணை மூடப்போகும் நொடியில் எடுத்தது.
கடலைத் தாண்டியதும்
உரிமம் அனுமதி ஆகிவிடுகிறது.
அனுமதிக்குத் தேதி உண்டு.

என் சம்பளம் ரொட்டர்டாமில் விடிகிறது.
அங்கே துறைமுகத்தில் இறங்கும் கொள்கலன்களுக்கு
இங்கே பனிமூட்டத்துக்குள் உட்கார்ந்து
பில் போடுகிறேன், பதினோரு மாதமாக.
விசா ஒரு மேசையில், வரி இன்னொரு மேசையில்,
வண்டி ஓட்டும் தாள் வேறெங்கோ ஒரு மேசையில்.
மேசைகள் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.
"சுற்றுலாவா?" என்றார் கொழும்பில் ஒருவர்.
இல்லை.
"இங்கே வேலையா?"
இங்கே இருந்து வேலை.
அந்த 'இருந்து'வை எழுதப்
படிவத்தில் கட்டம் இல்லை.

ஸ்கூட்டர் திலகேஸ்வரியுடையது.
மருந்துக்கடையில் நிற்பவள்.
மாத வாடகை, முன்பணம் இல்லை,
இடது கண்ணாடியும் இல்லை.
பிரேக் பிடித்தால் ஆட்டுக்குட்டி கத்தும்.
சாவியைத் தரும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்:
"வளைவுக்கு வளைவு ஹோன் அடி.
பனிக்குள்ள பஸ்காரனுக்குக் கண்ணு கிடையாது,
காதுதான்."

பெட்ரோல் ஷெட்டில் காசெடுக்கப் பையைத் திறந்தபோதுதான்
தாளில் தேதியைப் பார்த்தேன்.
நேற்று.
புதிய தாள் வந்துகொண்டிருப்பதாக
இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.
நிரம்பிய டாங்கியோடு இறங்கித்
தள்ளத் தொடங்கினேன்.
ஏற்றம். ரயில் கடவை. மறுபடி ஏற்றம்.
தேயிலைக்குள் வெளிச்சம் வடிந்துபோனது.
மரக்கறி லொறிக்காரர் ஒருவர் வேகம் குறைத்து
"ஏத்தவா?" என்றார்.
எதை எந்தத் தாளில் ஏற்றலாம் என்று
எனக்குத் தெரியவில்லை. வேண்டாம் என்றேன்.

மூன்றாம் வளைவில் ஒரு டார்ச்.
கான்ஸ்டபிள் ஜயசுந்தர.
"ஸ்டார்ட் இல்லையா, மிஸ்?"
ஆகும்.
"பெட்ரோல் முடிஞ்சதா?"
இப்போதுதான் நிரப்பினேன்.
"அப்போ?"
தாளை நீட்டினேன்.
தேதியைப் படித்தார். என்னைப் படித்தார்.
கைக்கடிகாரத்தைக்கூட ஒருமுறை பார்த்தார்.
தண்டம் எழுதும் புத்தகம்
சட்டைப்பையிலிருந்து பாதி எழுந்து
மறுபடி உட்கார்ந்துகொண்டது.
"தள்ளுறதுக்குச் சட்டம் இல்ல" என்றார், சிரிக்காமல்.
பிறகு, பின்னால் வரும் வண்டிகளுக்கு
டார்ச்சை ஆட்டியபடி
அடுத்த வளைவுவரை கூடவே வந்தார்.
தள்ளிக் கொடுக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

திலகேஸ்வரி வாசல் விளக்கைப் போட்டாள்.
மூச்சு வாங்க, நியாயம் கேட்பவள் மாதிரி,
"ஒரு தாளுக்கு இத்தனை நாளா?" என்றேன்.
சக்கரத்துச் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே
"அப்பாவுக்குப் பிரஜாவுரிமைத் தாள் வரும்போது
வயசு நாப்பத்தொண்ணு.
இங்கனதான் பொறந்தவரு" என்றாள்.
சுரண்டி முடித்துக் குச்சியை எறிந்தாள்.
"பிளேன்டீ போடவா? சீனி இல்ல,
கருப்பட்டிதான் இருக்கு."

ஆறாம் நாள் தாள் வந்தது.
முத்திரை சரி. தேதி சரி.
என் பெயரில் ஒரு கால் மட்டும் விடுபட்டிருந்தது.
திருத்தக் கொடுத்தால் எத்தனை நாள் என்று
விசாரிக்கவில்லை.
ராத்திரி ரொட்டர்டாமுக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பி,
விடியுமுன்னே கிளம்பினேன்,
ஒற்றைக்கால் குறைந்த பெயரோடு.

மூன்றாம் வளைவில் டார்ச் இல்லை. பனிதான்.
ஹோன் அடித்தேன்.
அந்தப் பக்கத்திலிருந்து
இன்னும் கண்ணுக்குத் தெரியாத ஒன்று
பதிலுக்கு அடித்தது, நீளமாக.
இடப்பக்கம் ஒதுங்கினேன்.
இரண்டு நாட்டிலும் இடப்பக்கம்தான்.