பதினொன்றிலிருந்து நான்கு வரை

நகராட்சி மண்டபத்தில் கருத்துக் கேட்டார்கள்.
மிக்சரும் டீயும் உண்டு.
தேவகோட்டையில் ஒரு பூங்காவுக்காக
இத்தனை நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை.

சுவரில் வரப்போகும் பூங்காவின் படம்.
நான் பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவன்.
பார்த்ததும் தெரிந்துவிட்டது,
அந்தப் பச்சை எந்த இலையிலும் கிடையாது,
மூன்று சொட்டு மஞ்சள் கூடிப்போயிருக்கிறது.
படத்தில் நடக்கிற எல்லோரும் ஒரே உயரம்.
ஒருவர் கையில் நாய்ச் சங்கிலி.

நுழைவாயில் செட்டிநாட்டுப் பாணியாம்.
தேக்குத் தூண் மாதிரியே பைபரில் தூண்.
"தட்டினா டப்பாச் சத்தம் வருமே"
என்றது பின்வரிசையில் ஒரு குரல்.
பர்மாவிலிருந்து கப்பலில் தேக்கு வந்த ஊர்,
சிரிக்கத்தான் செய்தது.

இரவில் நிறம் மாறும் நீரூற்று என்றதும்
ரெத்தினவேல் எழுந்தார்.
"ஊருணியே காஞ்சு கெடக்கு,
ஊத்துக்கு எங்கேருந்து ஐயா தண்ணி?"
அவர் ஓவர்சீயராக இருந்தபோது போட்ட குழாய்
இன்னும் ஒழுகுகிறது என்றார் என் பக்கத்து ஆள்,
எனக்கு மட்டும் கேட்கும்படி.

உமையாள் டீச்சர் வேலி கேட்டார். ஆள் உயரத்துக்கு.
ராத்திரி உடைகிற பாட்டிலை
விடியலில் நாங்கள் மிதிக்கிறோம் என்று
மேடை முன் நின்று பாதத்தைத் திருப்பித்
தையலைக் காட்டினார்.
அதற்கு யாரிடமும் பதில் இல்லை.
என்னிடமும்தான்.

வாகை மரத்தை வெட்டச் சொல்லி ஒரு கூட்டம்:
காற்றடித்தால் நெற்று சலசலத்துத்
தூக்கம் கெடுகிறதாம்.
வெட்டினால் மேலேறி உட்கார்ந்துகொள்வேன்
என்று கத்திய பையனை
அவன் அம்மா சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ஐஸ் வண்டி சிக்கந்தர் கேட்டது ஒன்றுதான்:
"நான் கேட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?"
குறித்துக்கொண்டார்கள்.

ஒன்பதாவது, நேரம்.
காலை ஐந்திலிருந்து பதினொன்று,
மாலை நான்கிலிருந்து எட்டு,
நடுவில் பூட்டு.
பகலில் யார் வருகிறார்கள்,
கட்டையைச் சாய்க்கிறவர்கள்தானே என்றார் பொறியாளர்.
கைகள் உயர்ந்தன. நிறைய.

என் சட்டைப் பையில்
நாலாக மடித்த ஒரு தாள்.
சப் கோர்ட் முத்திரை.
மடிப்பில் எழுத்து தேய்ந்துவிட்டது,
தேய்ந்ததும் எனக்கு மனப்பாடம்:
மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை
பகல் பதினொன்று முதல் ஒன்று வரை
நகராட்சிப் பூங்காவில்.
மைனர் குழந்தை என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
அலமுவின் பெயர்.

பத்தரைக்கே போய்விடுவேன்.
சறுக்குமரத் தகரம் அப்போதே சுடும்.
இரண்டு வாளி தண்ணீர் ஊற்றித் துடைத்து வைப்பேன்.
அவள் மாமன் பைக்கை விட்டு இறங்காமல்
இரண்டு மணி நேரமும் போனைப் பார்த்திருப்பார்.
பாதிச் சறுக்கலில் காலை ஊன்றி நிறுத்தி
"இன்னும் எவ்ளோ நேரம்ப்பா" என்பாள்.
அவளுக்கு முள் பார்க்கத் தெரியாது.
கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன்.

மைக் என் வரிசைக்கு வந்தது.
இருநூறு முகம். என் கடைக்கு வருகிற முகங்கள்.
அதில் அவள் சித்தப்பாவும்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
"படத்துல மஞ்சள் ஜாஸ்தி" என்றேன்.
கைதட்டினார்கள்.

வெளியே சிக்கந்தர்
வண்டி மூடியில் சாய்ந்து நின்றிருந்தார்.
என்ன பேசினேன் என்று கேட்கவில்லை.
"வர்ற சனி நாலாஞ்சனி இல்லே?
திராட்சை ஐஸ் ஒண்ணு எடுத்து வைக்கவா?"

வையுங்கள் என்றேன்.